மழை எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது? இஸ்ரவேல், சபை, ராஜ்யம் பற்றிய விவாத இழை

குடந்தை வேதவாசகர் (இழையைத் தொடங்கியவர்)

காவிரிப் பாசனப் பகுதியின் பல சபைகளில், புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் அறுப்பின் பண்டிகைப் பிரசங்கத்திலும் திரும்பத் திரும்ப வருகிற வேதப்பகுதிகள் இரண்டு உண்டு. ஒன்று உபாகமம் 11-ஆம் அதிகாரம், மற்றொன்று 28-ஆம் அதிகாரம். கற்பனைகளுக்குக் கீழ்ப்படிந்தால் முன்மாரியும் பின்மாரியும் (விதைப்புக்கால மழையும் விளைச்சல்கால மழையும்) ஏற்ற காலத்தில் பெய்யும், களஞ்சியம் நிரம்பும். கீழ்ப்படியாவிட்டால் தலைக்கு மேலுள்ள வானம் வெண்கலமாகவும் காலின் கீழுள்ள பூமி இரும்பாகவும் மாறும். விளைச்சல் கண்ட ஆண்டில் இதைக் கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படாமல் குறுவை தவறிப்போன ஆண்டிலும், 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த ஆண்டிலும், அதே அதிகாரத்தின் பின்பாதியைப் பிரசங்கியார் வாசிக்காமல் விட்டாலும், பாதிக்கப்பட்ட விசுவாசி தன் மனத்துக்குள் வாசித்துக்கொள்கிறார். எந்தக் கீழ்ப்படியாமைக்காக இது வந்தது என்று தன் வீட்டாரையும் தன்னையும் தோண்டித் துருவுகிறார். இதைப் பல வீடுகளில் கண்டு மனம் வெதும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவருக்கு ஆறுதல் சொன்னால் மட்டும் போதாது. அந்த அதிகாரம் யாரோடு பேசுகிறது என்பதை முதலில் தீர்க்கவேண்டும். தேவன் ஒருவரே, மனிதன் நீதிமானாக்கப்படுகிற வழியும் விசுவாசம் ஒன்றே. ஆனால் அவர் வரலாற்றில் நடத்திவருகிற திட்டங்கள் ஒன்றல்ல என்பதும், ஒரு திட்டத்தின் நிபந்தனையை இன்னொரு திட்டத்தின் மக்கள்மேல் சுமத்துவது வேதத்துக்கும் அவர்களுக்கும் செய்கிற அநியாயம் என்பதுமே என் வாதம்.

டிஸ்பென்சேஷனலிசம் என்றும் காலப்பகுப்பு இறையியல் என்றும் சொல்லப்படுகிற முறை இந்தப் பிரித்தறிதலைத்தான் தன் அடித்தளமாகக் கொண்டது. ஜான் நெல்சன் டார்பி (1800–1882) பிரதரன் எனப்படும் சகோதர சபைகளின் நடுவே இதை ஒழுங்குபடுத்தினார். ஸ்கோஃபீல்டு 1909-இல் வெளியிட்ட குறிப்பு வேதாகமம் இதை உலகெங்கும் பரப்பியது. குற்றமில்லாமை, மனச்சாட்சி, மனித ஆளுகை, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்), கிருபை, ராஜ்யம் (கிறிஸ்து பூமியில் ஆளப்போகும் காலம்) என்ற ஏழு காலங்களின் வரைபடத்தை நம் ஊர்களிலும் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஏழு என்ற எண்ணிக்கை இந்த முறையின் உயிர்நாடி அன்று. இந்த முறையின் இறையியலாளரான சார்லஸ் ரைரி 1965-இல் எழுதியபோது, இஸ்ரவேலையும் சபையையும் வேறுபடுத்துவது, வேதத்தை அதன் இயல்பான பொருளில் வாசிப்பது, தேவனுடைய மகிமையே அனைத்துக்கும் நோக்கம் என்று கொள்வது ஆகிய மூன்றையே இதன் அடையாளங்களாக வைத்தார். இம்மூன்றில் முதலாவதே இந்த இழைக்குரியது.

வேறுபாட்டை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து வேதத்தின்மேல் ஏற்றவில்லை. மத்தேயு 10-இல் சீஷர்கள் புறஜாதியாரிடமும் சமாரியரிடமும் போகவேண்டாம் என்று கட்டளை பெறுகிறார்கள். 28-ஆம் அதிகாரத்தில் சகல ஜாதிகளிடமும் அனுப்பப்படுகிறார்கள். அனுப்பியவர் ஒருவரே, அனுப்பப்பட்டவர்களும் யூதாஸ் நீங்கலாக அதே கூட்டத்தார். இடையில் சிலுவையும் உயிர்த்தெழுதலும் நிகழ்ந்திருக்கின்றன, திட்டம் விரிந்திருக்கிறது. அப்போஸ்தலர் 1:6-இல் ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பது இக்காலத்திலா என்று கேட்கிறார்கள். கர்த்தர் காலத்தைப் பற்றி மட்டும் பதில் சொல்லி மறுக்கிறார். இஸ்ரவேலுக்கு ராஜ்யம் என்ற எதிர்பார்ப்பையே தவறு என்று அவர் சொல்லவில்லை. புறஜாதியாரும் யூதரும் ஒரே சரீரத்தில் உடன்சுதந்தரராவது முற்காலங்களில் அறிவிக்கப்படாத இரகசியம் என்று எபேசியர் 3-இல் பவுல் எழுதுகிறார். தீர்க்கதரிசிகளால் முன்னறிவிக்கப்பட்ட ராஜ்யமும், மறைத்துவைக்கப்பட்டுப் பின்பு வெளிப்பட்ட சபையும் ஒரே அளவில், ஒரே வாக்குத்தத்தங்களோடு நடப்பவை என்றால், மறைத்துவைக்கப்பட்டது என்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது.

இப்போது உபாகமம் 11-க்கு வருகிறேன். அதன் 10 முதல் 12 வரையுள்ள வசனங்களை நம் பிரசங்கங்களில் அநேகமாக யாரும் வாசிப்பதில்லை. நீங்கள் பிரவேசிக்கும் தேசம் எகிப்தைப்போன்றது அன்று, அங்கே விதைத்துக் காலால் நீர் பாய்ச்சினீர்கள், இதுவோ வானத்தின் மழையைக் குடிக்கும் மலைகளும் பள்ளத்தாக்குகளுமுள்ள தேசம் என்று மோசே சொல்கிறார். அதாவது, ஆற்றுப் பாசன நிலத்தை மறுபக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டே மழை வாக்குத்தத்தம் தொடங்குகிறது. நம்முடைய நிலமோ நைல் கரையைப்போன்ற ஆற்றுப் பாசன நிலம். வாக்குத்தத்தம் ஒரு நிலப் பத்திரம் என்று வைத்துக்கொண்டால், யார் பெயரில், எந்தச் சர்வே எண்ணுக்கு எழுதப்பட்டது என்று பாராமல் நம் வயலுக்கு அதைக் காட்டி உரிமை கேட்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்து வாசியுங்கள். உபாகமம் 28:48-இல் பசியும் தாகமும் நிர்வாணமும் உடன்படிக்கையை மீறியவர்கள்மேல் வரும் சாபங்கள். ரோமர் 8:35-இல் அதே பசியும் அதே நிர்வாணமும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாதவைகளின் வரிசையில் நிற்கின்றன. ஒரு திட்டத்தில் கோபத்தின் அடையாளமாயிருந்தது மற்றதில் அப்படி இல்லை. கிலவுதியு ராயன் காலத்துப் பஞ்சத்தைப் பற்றி அகபு முன்னறிவித்தபோது (அப்போஸ்தலர் 11:28), யாருடைய பாவத்தால் அது வருகிறது என்று அந்தியோகியாவில் ஒருவரும் ஆராயவில்லை. யூதேயாவிலிருந்த சகோதரருக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். பஞ்ச காலத்தில் சபை நடந்துகொள்ளவேண்டிய விதத்துக்கு நமக்குக் கொடுக்கப்பட்ட முன்மாதிரி அதுவே.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் எழுதவேண்டுகிறேன்.

தரங்கை லுத்தரன்

ஐயா, உங்கள் அக்கறையை முழுமையாக ஏற்கிறேன். நீங்கள் வந்து சேர்ந்த இடத்தையும் ஏற்கிறேன். நீங்கள் நடந்துவந்த வழியைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

லுத்தரன் மிஷனெரிகளான சீகன்பால்க்கும் புளுச்சோவும் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேயே அச்சாகி நிறைவுற்றது. டார்பி பிறந்ததே 1800-இல். அதற்கு முன்பே இந்த மண்ணில் மூன்று தலைமுறைக்குமேல் தமிழில் வேதம் வாசிக்கப்பட்டு, பஞ்சத்திலும் போரிலும் மக்கள் தேற்றப்பட்டிருக்கிறார்கள். அவர்களைத் தேற்றிய பிரித்தறிதல் நியாயப்பிரமாணத்துக்கும் சுவிசேஷத்துக்கும் உள்ளது. நியாயப்பிரமாணம் கேட்கிறது, சுவிசேஷம் கொடுக்கிறது. உபாகமம் 28 கேட்கிற வார்த்தை. அதன் சாபத்தைக் கிறிஸ்து மரத்திலே சுமந்து தீர்த்தார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. கடன் தீர்ந்தபின் அந்த அதிகாரத்தைக் காட்டி விவசாயியை மிரட்ட எந்தப் பிரசங்கிக்கும் அதிகாரம் இல்லை. இதைச் சொல்ல இரண்டு ஜனங்கள், இரண்டு திட்டங்கள் என்ற கட்டுமானம் தேவையில்லை.

உங்கள் பத்திர உவமையையே எடுத்துக்கொள்கிறேன். பவுலும் கலாத்தியர் 3:15-இல் மனிதருடைய உடன்படிக்கையை உதாரணம் காட்டித்தான் பேசுகிறார். ஆனால் அவர் அதை முடிக்கிற இடம் வேறு. சந்ததி என்று சொல்லப்பட்டவர் கிறிஸ்து. கிறிஸ்துவினுடையவர்கள் ஆபிரகாமின் சந்ததி, வாக்குத்தத்தத்தின்படி சுதந்தரர் (3:16, 29). பத்திரத்தில் எழுதப்பட்ட பெயர் கிறிஸ்துவின் பெயர் என்றால், அவரோடு இணைக்கப்பட்டவர்களைப் பெயர் இல்லாதவர்கள் என்று எப்படித் தள்ளுவது? எபேசியர் 2-இல் நடுச்சுவர் இடிக்கப்பட்டு ஒரே புதிய மனிதன் உருவாக்கப்படுகிறான். இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும் செய்யப்படும் என்று எரேமியா 31 சொன்ன புதிய உடன்படிக்கையை எபிரெயர் 8-ஆம் அதிகாரம் சபைக்கு முன்பாக வைக்கிறது.

ரோமர் 8 பற்றியும் ஒன்று. 35-ஆம் வசனத்தை அடுத்த வசனத்தில் பவுல் சங்கீதம் 44:22-ஐக் கொண்டு உறுதிப்படுத்துகிறார். அந்தச் சங்கீதத்தில் பேசுபவர்கள் இஸ்ரவேலர். உம்முடைய உடன்படிக்கைக்கு நாங்கள் துரோகம் செய்யவில்லை, ஆயினும் அடிக்கப்படும் ஆடுகளைப்போல் எண்ணப்பட்டோம் என்கிறார்கள். ஆகவே இஸ்ரவேலின் திட்டத்துக்குள்ளேயே, கீழ்ப்படிந்தவர்கள் துன்பப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் போட்ட கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை.

கடைசியாக, எங்கள் திருச்சபைகள் ஏற்ற 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 17-ஆம் பிரிவு, மரித்தோர் உயிர்த்தெழுமுன் பக்தர்கள் உலக ராஜ்யத்தைக் கைக்கொள்வார்கள் என்ற போதனையை வெளிப்படையாக மறுக்கிறது. கிறிஸ்து பூமியில் ஆயிரம் ஆண்டுகள் ஆளுவார் என்ற ஆயிர வருஷ அரசாட்சியை நம்பியவர்கள் எல்லாரும் உங்கள் வழியில் நடந்தவர்களும் அல்லர். இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் மார்ட்டர், திரிபோவோடு உரையாடல் என்ற நூலில், எருசலேமில் ஆயிரம் ஆண்டுகளை எதிர்பார்த்தார். அதே நூலில் சபையே மெய்யான இஸ்ரவேல் என்றும் எழுதினார்.

மன்னார்குடி சாட்சி

இரு ஐயாமாருக்கும் வணக்கம். நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். இரகசிய வருகை (சபையைக் கிறிஸ்து எடுத்துக்கொள்வது), அதையடுத்த உபத்திரவ காலம், ஆயிர வருஷ அரசாட்சி ஆகியவற்றைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த வரைபடம் சுவரில் தொங்க, பிரசங்கத்தில் இஸ்ரவேலின் வாக்குத்தத்தம் ஒவ்வொன்றையும் எங்களுக்கே என்று உரிமை கோருகிறோம் என்பது இதை வாசிக்கையில் தெளிவாகிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று வேதவாசகர் ஐயா சொல்வது சரியே.

ஆயினும் யோவேல் 2:23-இன் முன்மாரி பின்மாரியை நாங்கள் பரிசுத்த ஆவியின் பொழிவு என்று கொள்கிறோம். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேலைத்தான் எடுத்துப் பேசினார். அது இஸ்ரவேலின் திட்டம் என்றால், அன்று இறங்கிய ஆவியானவர் யாருக்காக இறங்கினார்?

உறையூர் மாணவன்

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு என்று நினைக்கிறேன்: அன்று அது இஸ்ரவேலுக்காகவே நடந்தது. அப்போஸ்தலர் 2-இல் பேதுரு அழைப்பது யூதரையும் எருசலேமில் வாசம்பண்ணுகிறவர்களையும் இஸ்ரவேலரையும். 3-ஆம் அதிகாரத்தில் மனந்திரும்பினால் இளைப்பாறுதலின் காலங்கள் வரும், இயேசு அனுப்பப்படுவார் என்று ராஜ்யத்தையே மீண்டும் முன்வைக்கிறார். சபையாகிய சரீரம் அங்கே தொடங்கவில்லை. பவுல் அழைக்கப்பட்டபோதே, அல்லது அவர் புறஜாதியாரிடம் அனுப்பப்பட்டபோதே, அது தொடங்கியது. கலாத்தியர் 2:7 விருத்தசேதனமுள்ளவர்களுக்குரிய (யூதருக்குரிய) சுவிசேஷம் பேதுருவுக்கும் விருத்தசேதனமில்லாதவர்களுக்குரியது பவுலுக்கும் ஒப்புவிக்கப்பட்டதாகச் சொல்கிறது. ஆங்கிலேயரான புல்லிங்கர் (1837–1913) இன்னும் ஒரு படி சென்று, அப்போஸ்தலர் 28-க்குப் பின் எழுதப்பட்ட நிருபங்களிலேயே சபையின் முழு வெளிப்பாடு உண்டு என்றார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் வேதவாசகர் ஐயா தம் கொள்கையை முழுமையாகப் பின்பற்றினால், பேதுருவின் திட்டத்தையும் பவுலின் திட்டத்தையும் பிரிக்காமல் பாதியில் நிற்க இயலாது.

குடந்தை வேதவாசகர்

மூவருக்கும் நன்றி. முதலில் உறையூர் சகோதரருக்குச் சொல்கிறேன், ஏனெனில் பகுப்பு எங்கே நிற்கவேண்டும் என்பதை அவர் கேள்வி தீர்மானிக்கிறது.

பவுல் தம்முடைய கையாலேயே உங்கள் எல்லைக் கோட்டை அழிக்கிறார். ரோமர் 16:7-இல் அன்றோனீக்கு, யூனியா என்பவர்களைக் குறித்து, அவர்கள் எனக்கு முந்திக் கிறிஸ்துவுக்குள்ளானவர்கள் என்கிறார். பவுலின் அழைப்புக்குமுன் கிறிஸ்துவுக்குள் இருந்தவர்கள் உண்டென்றால், கிறிஸ்துவின் சரீரம் பவுலோடு தொடங்கியிருக்க முடியாது. தாம் துன்பப்படுத்தியது தேவனுடைய சபையை என்கிறார் (1 கொரிந்தியர் 15:9). முன்பு அழித்த விசுவாசத்தையே இப்போது பிரசங்கிக்கிறார் (கலாத்தியர் 1:23). சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பற்றி நானாகிலும் அவர்களாகிலும் இப்படியே பிரசங்கிக்கிறோம் என்கிறார் (1 கொரிந்தியர் 15:11). கலாத்தியர் 2-இல் பிரிக்கப்பட்டது ஊழியக் களமே. செய்தி ஒன்று என்பதாலேயே யாக்கோபும் கேபாவும் யோவானும் வலதுகை கொடுத்து ஐக்கியம் காட்டினார்கள். திட்டங்களைப் பிரிக்கவேண்டும் என்பதால் எங்கெல்லாம் வேறுபாடு தென்படுகிறதோ அங்கெல்லாம் வெட்டலாம் என்று ஆகாது. ஒரு வசனம் பிரிக்கச் சொல்லும்போது பிரிக்கவேண்டும். இன்னொரு வசனம் இணைத்துவைத்திருப்பதைப் பிரிக்கவே கூடாது. பின்னொன்றைச் செய்தவர்களால்தான் ஞானஸ்நானமும் கர்த்தருடைய பந்தியும்கூட இக்காலத்துக்கு உரியவை அல்ல என்று சொல்லும் நிலை சில இடங்களில் உண்டானது.

மன்னார்குடிச் சகோதரரின் கேள்வி கடினமானது. பேதுரு மேற்கோள் காட்டியது யோவேல் 2:28 முதல் 32 வரையுள்ள பகுதி. மழையைப் பற்றிய 23-ஆம் வசனத்தை அவர் எடுக்கவில்லை. அது பச்சைப்புழுவும் வெட்டுக்கிளியும் தின்ற நிலத்துக்குத் திரும்ப வரும் உண்மையான மழை. ஆவியின் பொழிவோ மாம்சமான யாவர்மேலும் என்று யோவேலிலேயே எல்லை விரிந்து கிடக்கிறது. அதன் தொடக்கத்தைச் சபை ருசித்தது. சூரியன் இருளடைவதும் சந்திரன் இரத்தமாவதும் இன்னும் வரவேண்டியவை. ஒரே தீர்க்கதரிசனத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே காலம் நீள்வது புதிதன்று. நாசரேத்தில் கர்த்தர் ஏசாயா 61-ஐ வாசித்து, அநுக்கிரக வருஷம் என்ற இடத்தில் புஸ்தகத்தைச் சுருட்டினார். நீதியைச் சரிக்கட்டும் நாள் என்ற அடுத்த சொற்களை அன்று வாசிக்கவில்லை (லூக்கா 4:16–21). கிரெய்க் பிளேசிங், டாரல் பாக், ராபர்ட் சாசி ஆகியோர் 1990-களில் முன்வைத்த முற்போக்குக் காலப்பகுப்பு இறையியல் இதைத்தான் விரித்துச் சொல்கிறது: புதிய உடன்படிக்கையின் ஆவிக்குரிய ஆசீர்வாதங்கள் தொடங்கிவிட்டன, இஸ்ரவேல் தேசத்துக்குச் சொல்லப்பட்டவை நிறைவேறக் காத்திருக்கின்றன. எபிரெயர் 8-ஐக் குறித்துத் தரங்கை ஐயாவுக்கு நான் கொடுக்கும் பதிலும் இதுவே. பரலோகத்துக்குரிய ஜனம் ஒன்று, பூமிக்குரிய ஜனம் ஒன்று என்று நித்தியம் வரைக்கும் பிரித்த லூயிஸ் ஸ்பெரி சேஃபரின் பழைய முறையை நான் தாங்கவில்லை.

தரங்கை ஐயா, உங்கள் வாதங்களில் சங்கீதம் 44 எனக்கு மிகவும் கனமானது. இஸ்ரவேலுக்குள் நீதிமான் துன்பப்பட்டது உண்மை. ஆனால் அந்தச் சங்கீதம் ஏன் அவ்வளவு வேதனையோடு ஒலிக்கிறது என்று பாருங்கள். நாங்கள் உடன்படிக்கையை மீறவில்லையே, பின் ஏன் தோல்வி என்று அவர்கள் கேட்பதற்குக் காரணம், கீழ்ப்படிகிற தேசத்துக்கு வெற்றி என்று அவர்களுடைய உடன்படிக்கை உண்மையாகவே சொல்லியிருந்தது. அவர்களுக்கு அது முறையிடத்தக்க முரண்பாடு. பவுல் அதே வசனத்தைச் சொல்லும்போது முறையீடு இல்லை. இவையெல்லாவற்றிலும் முற்றும் ஜெயங்கொள்ளுகிறோம் என்று அடுத்த வரியில் தொடர்கிறார். வசனம் ஒன்று, நிற்கிற இடம் வேறு.

கலாத்தியர் 3-ஐ நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். நாம் ஆபிரகாமின் சுதந்தரர். ஆனால் அதே அதிகாரம் ஆபிரகாமின் வாக்குத்தத்தத்தையும் 430 ஆண்டுகளுக்குப் பின்வந்த நியாயப்பிரமாணத்தையும் தெளிவாகப் பிரித்து, நமக்கு வந்த ஆசீர்வாதம் இன்னது என்று 14-ஆம் வசனத்தில் பெயரும் சொல்கிறது: விசுவாசத்தினாலே ஆவியைக்குறித்துச் சொல்லப்பட்ட வாக்குத்தத்தம். உபாகமத்தின் மழை அந்தச் சுதந்தரத்தில் எழுதப்படவில்லை. இவ்வளவில் நாம் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோம். நாம் பிரிவது ரோமர் 11-இல். இணைக்கப்பட்ட காட்டொலிவக் கிளைகளை நோக்கி, முறிக்கப்பட்ட சுபாவக் கிளைகளுக்கு விரோதமாகப் பெருமைபாராட்டாதே என்று பவுல் எச்சரிக்கிறார். பிதாக்களினிமித்தம் அவர்கள் அன்புகூரப்பட்டவர்கள், தேவனுடைய அழைப்பு மாறாதது என்று 28, 29-ஆம் வசனங்களில் முடிக்கிறார். அங்கே அவர்கள் என்பது, அதே வசனத்தின்படி, சுவிசேஷத்தைக் குறித்துப் பகைஞராயிருக்கிறவர்கள். ஆகவே அது சபையைக் குறிக்க முடியாது. அவர்களுக்குச் சொன்னதைத் தேவன் கைவிட்டுவிட்டார் என்றால், நமக்குச் சொன்னதை எந்த உறுதியில் பற்றிக்கொள்வது?

கடைமடை மகள்

ஐயா, நான் வேதாரண்யம் பக்கத்தவள். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவது குடகில் பெய்கிற மழையையும், மேட்டூரின் நீர்மட்டத்தையும், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 177.25 டி.எம்.சி. பங்கு உரிய மாதத்தில் வந்து சேர்கிறதா என்பதையும், கடைசியில் வாய்க்கால் தூர்வாரப்பட்டிருக்கிறதா என்பதையும் பொறுத்தது. இதில் எங்கள் கீழ்ப்படிதலுக்கு என்ன இடம் என்று நானும் என் வீட்டாரும் பலமுறை கேட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உபாகமம் 11 நம்முடைய வயலைப் பற்றியது இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்குப்பின் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: அப்படியானால் நம்முடைய வயலைப் பற்றித் தேவன் எதுவுமே சொல்லவில்லையா? மழைக்காக நாங்கள் ஜெபிப்பது எந்த வார்த்தையின்மேல் நின்று?

ஒரு வாக்குத்தத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுவது சரியாகாது என்று எனக்குத் தோன்றுகிறது.

குடந்தை வேதவாசகர்

சகோதரி, உங்கள் அப்பாவின் கேள்வி இந்த இழையில் இதுவரை எழுதப்பட்ட எல்லாவற்றையும்விட முக்கியமானது. பிரித்தறிதல் எடுத்துப்போடுவதோடு நின்றால் அது குறைபட்டது. சரியான இடத்தை அது காட்டவும் வேண்டும்.

உங்கள் வயல் நோவாவோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின்கீழ் இருக்கிறது. ஆதியாகமம் 8:22-இல், பூமியுள்ள நாளளவும் விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும், கோடைகாலமும் மாரிகாலமும், பகலும் இரவும் ஒழிவதில்லை என்று தேவன் தம் உள்ளத்தில் சொன்னார். 9-ஆம் அதிகாரத்தில் அதை உடன்படிக்கையாக நிலைநிறுத்தினார். யாரோடு என்று பாருங்கள்: நோவாவோடும் அவன் சந்ததியோடும் பூமியிலுள்ள சகல ஜீவஜந்துக்களோடும். சீனாய் மலைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது இது. ஆபிரகாமின் அழைப்புக்கும் முந்தியது. இதில் நிபந்தனை ஒன்றும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதவை என்று அறிந்தே தேவன் இதைச் சொன்னார் என்று முந்தைய வசனம் கூறுகிறது. மனிதனுடைய பாவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே கொடுக்கப்பட்ட வார்த்தையை, ஒரு குடும்பத்தின் பாவத்தைக் காட்டி யாரும் ரத்து செய்துவிட முடியாது.

புதிய ஏற்பாடும் புறஜாதி விவசாயிகளிடம் பேசும்போது இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. லீஸ்திராவில் விக்கிரக வணக்கத்தாருக்கு முன்பாகப் பவுலும் பர்னபாவும் உபாகமத்தைத் திறக்கவில்லை. தேவன் வானத்திலிருந்து மழைகளையும் செழிப்புள்ள காலங்களையும் தந்து, ஆகாரத்தினாலும் சந்தோஷத்தினாலும் இருதயங்களை நிரப்பி, தம்மைக்குறித்துச் சாட்சி விளங்கப்பண்ணினார் என்றார்கள் (அப்போஸ்தலர் 14:17). நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று கர்த்தர் சொன்னதும் இதையே. குடகில் பெய்கிற மழை கர்நாடக விவசாயிக்கும் தஞ்சை விவசாயிக்கும், விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் பொதுவான சாட்சி.

இந்த வார்த்தை ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு ஆண்டும் குறைவில்லா விளைச்சலை உறுதியளிக்கவில்லை என்பதையும் நான் மறைக்கக்கூடாது. பூமியில் விதைப்பும் அறுப்பும் ஒழியாது என்பதே அதன் அளவு. நோவாவுக்குப் பின்னும் ஆபிரகாம் பஞ்சத்தைக் கண்டான். ஆகவே உங்கள் அப்பா மழைக்காக ஜெபிக்கும்போது, உடன்படிக்கையை மீறாதவன் என்று தன் கணக்கைக் காட்டி உரிமை கேட்கவேண்டியதில்லை. தம்முடைய படைப்பைக் கைவிடேன் என்றவரிடம், அவருடைய பிள்ளையாக, அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்கிறார். விளையாத ஆண்டில் ரோமர் 8 அவர் கையில் இருக்கிறது. அவர் தெருவிலுள்ள சபையின் கையில் அப்போஸ்தலர் 11 இருக்கவேண்டும்.

தரங்கை லுத்தரன்

இந்தப் பதிவோடு நான் எங்கும் முரண்படவில்லை. லுத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில், நாம் கேட்காமலே தேவன் பொல்லாதவர்களுக்கும் அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கொடுக்கிறார், அதை உணர்ந்து நன்றியோடு பெற்றுக்கொள்ளவே நாம் ஜெபிக்கிறோம் என்று கற்பித்ததும் இதுவே.

ஆனால் ஐயா, உங்கள் முறைக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வரப்போகும் ராஜ்யத்தை எழுத்தின்படி எடுக்கிறீர்கள். சகரியா 14:17-இல், எருசலேமுக்கு வந்து ராஜாவைத் தொழுதுகொள்ளாத பூமியின் வம்சங்கள்மேல் மழை வருஷிப்பதில்லை என்று எழுதியிருக்கிறது. அது எழுத்தின்படி நிறைவேறும் என்றால், நோவாவின் நிபந்தனையற்ற மழை அங்கே என்ன ஆகிறது? நிபந்தனையோடு கூடிய மழையை இஸ்ரவேலிடமிருந்து எடுத்துச் சகல ஜாதிகள்மேலும் வைத்துவிடுகிறீர்களே. நாங்கள் அந்த அதிகாரத்தைத் திருச்சபையில் நிறைவேறும் ஆராதனையின் சித்திரமாக வாசிப்பதால் எங்களுக்கு இந்த இடறல் இல்லை.

குடந்தை வேதவாசகர்

நல்ல இடத்தில் கைவைத்தீர்கள், ஐயா. அந்த வசனத்தை நான் தவிர்க்க விரும்பவில்லை. திட்டங்கள் வேறானவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மழை என்ற ஒரே ஈவு மூன்று விதமாகக் கொடுக்கப்படுகிறது. நோவாவுக்குப்பின் யாவருக்கும் நிபந்தனையின்றி. மோசேயின்கீழ் கானானில் இருந்த இஸ்ரவேலுக்கு நிபந்தனையோடு. ராஜாவே எருசலேமில் வீற்றிருந்து ஆளும் காலத்தில் ஜாதிகளுக்கு, அவரைப் பணிவது என்ற நிபந்தனையோடு. மூன்றாவதில் நோவாவின் உடன்படிக்கை முறிவதில்லை, ஏனெனில் பூமியில் விதைப்பும் அறுப்பும் ஒழிவதாக அங்கே சொல்லப்படவில்லை. கண்முன் ஆளுகிற ராஜாவை அறிந்தே புறக்கணிக்கிற வம்சங்களுக்கு மட்டும் அந்தத் தண்டனை வருகிறது. அந்த ராஜா இன்று எருசலேமில் அப்படி வீற்றிருக்கவில்லை. ஆகவே மோசேயின் நிபந்தனையையும் வரப்போகிற ராஜ்யத்தின் நிபந்தனையையும் இன்றைய கடைமடை விவசாயிமேல் வைக்க இடமே இல்லை.

அதே பகுதியில் எனக்கு அருமையான இன்னொன்றும் இருக்கிறது. ஜாதிகள் அங்கே கூடிவருவது கூடாரப்பண்டிகைக்கு, அதாவது அறுப்பு முடிந்து சேர்க்கும் பண்டிகைக்கு. அடுத்த வசனம் எகிப்தைத் தனியாகப் பிரித்துப் பேசுகிறது. உபாகமம் 11-இல் எதிர்ப்பக்கத்தில் வைக்கப்பட்ட அதே ஆற்றுப் பாசன தேசம் அங்கே தன் சொந்தப் பெயரோடு நிற்கிறது. ஏசாயா 19:25 இன்னும் முன்னே போய், எகிப்தை என் ஜனம் என்றும், அசீரியாவை என் கரத்தின் கிரியை என்றும், இஸ்ரவேலை என் சுதந்தரம் என்றும் ஆசீர்வதிக்கிறது. மூன்று பெயர்களும் கலந்துபோகவில்லை. ஒன்று மற்றொன்றைத் தள்ளவுமில்லை. நீங்கள் இதைச் சித்திரமாக வாசிக்கலாம். நான் எகிப்தை எகிப்தாகவும் இஸ்ரவேலை இஸ்ரவேலாகவும் வாசிக்கிறேன். அப்படி வாசிக்கும்போதுதான் ஆற்றுக் கரையில் வாழ்கிற பிற ஜாதிகளுக்கும் அந்த ராஜ்யத்தில் அவரவர் பெயரில் இடம் உண்டென்று காண்கிறேன்.

கடைமடை மகள்

நன்றி, ஐயா. இந்த ஆண்டு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குரிய பாடத்தை வாசிக்கும் முறை எங்கள் குடும்பத்துக்கு வந்திருக்கிறது. ஆதியாகமம் 8:20 முதல் 9:17 வரையும், அப்போஸ்தலர் 14:15 முதல் 17 வரையும் வாசிக்கலாமா என்று ஆயரிடம் கேட்டிருக்கிறேன். உபாகமம் 28-ஐ வாசிக்காவிட்டால் காணிக்கை ஏலத்துக்குமுன் என்ன சொல்வது என்று மூப்பர் ஒருவர் கேட்டார். அப்போஸ்தலர் 11:29-ஐ அவரிடம் காட்டியிருக்கிறேன்; ஏலத்தில் சேர்வதில் ஒரு பகுதியை, இந்தப் பருவத்தில் நாற்று அழுகிப்போன வீடுகளுக்கு ஒதுக்கலாம் என்று அப்பா சொல்கிறார். சபைக் கமிட்டியின் முடிவு தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.